படகின் மேல் தார்ப்பாய்: எதைக் கொண்டு கட்டுவது?

கரையேற்றிய ஃபைபர் படகில் பாய் கிழிவது பெரும்பாலும் நடுவில் அல்ல, கயிறு கோக்கும் கண்களில்தான் (ஓரத்தில் அடிக்கும் உலோக வளையங்கள்). அலுமினியக் கண் உப்புக்காற்றில் வெள்ளையாய்ப் பொரிந்து கழன்றுவிடும். பித்தளைக் கண்ணே நல்லது. அரை மீட்டருக்கு ஒன்று போதும். மடித்துத் தைத்த விளிம்பில் அடியுங்கள். ஒற்றைத் துணியில் அடித்தால் பலத்த காற்றுக்குப் பிய்ந்து போகும்.

கயிறு 6 மி.மீ. பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீளும். மாலையில் இறுக்கிய கட்டு மழைக்குப் பின் தொளதொளக்கும், பாய் படபடவென்று அடிக்கும், அந்த உரசலில்தான் ஓட்டை விழுகிறது. கயிற்றைப் படகுக்கு அடியில் விட்டு, எதிர்க் கண்ணில் கோத்து இழுத்துக் கட்டுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டாம்; காற்றில் ஆடிப் படகின் உடம்பைக் கீறும்.

ரப்பர் கொக்கிக் கயிறு தற்காலிகத்துக்கு மட்டும். வெயிலில் ரப்பர் வெடிக்கும். கொக்கி தெறித்தால் உங்கள் பார்வையே போய்விடும், முகத்தை விலக்கியே மாட்டுங்கள்.

கயிற்றுக்குப் பதில் பாயைப் படகோடு மாட்ட அழுத்துப் பட்டன் வைப்பதானால், உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வர் திருகு. முதலில் துளையிட்டு, அதன் வாயைச் சற்று அகட்டுங்கள். இல்லாவிட்டால் ஜெல்கோட் (ஃபைபரின் மேல் பளபளப்புப் பூச்சு) நட்சத்திரமாய் விரிசல் விடும். திருகுமுன் துளைக்குள் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வையுங்கள்.