அமெரிக்கக் கன்சர்வேடிவ் அரசியலைப் படிக்கும்போது நாம் வழுக்கும் இடங்கள்

2023இல் விவேக் ராமசாமி குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியபோது நம்மவர்களிடம் ஒரே கேள்விதான் சுற்றியது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, குடியேறியவர்களின் மகன், இந்து. அவர் எப்படி அந்தக் கட்சியில்? கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்குள் ஒரு முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கப் பழமைவாதம் என்றால் வெள்ளைக்காரர், கிறிஸ்தவர், பணக்காரர் என்று ஒரே குணமுள்ள ஒரு கூட்டம், அது என்றைக்கும் அப்படியேதான் இருந்து வந்தது என்பதே அந்த முடிவு.

இந்த வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்துவரும் எனக்கு அது பெரிய தவறாகப் படுகிறது. ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத மனிதர்கள், பல தோல்விகளுக்கு நடுவே, கையால் கட்டிய கூட்டணி இது. கட்டிய விதம் தெரியாவிட்டால் அதை ஆதரிக்கவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. ஆகவே நாம் அடிக்கடி வழுக்கும் சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்

‘கன்சர்வேடிசம்’ என்பதைப் ‘பழமைவாதம்’ என்று மொழிபெயர்க்கிறோம். வேறு நல்ல சொல் கிடைக்காததால் நானும் அதையே எழுதுகிறேன். ஆனால் அது காதில் விழுந்ததும் நம் மனம் சாதி, சடங்கு, பாட்டன் காலத்துக் கட்டுப்பாடு என்று போய்விடுகிறது. அமெரிக்காவில் அரச வம்சம் கிடையாது, நாட்டுக்கென்று ஒரு திருச்சபை கிடையாது. காப்பாற்ற வேண்டிய பழமை என்று அங்கே பலர் காட்டுவது 1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தை. மத்திய அரசின் கையைக் கட்டி வைக்கத்தான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது என்பது அவர்களுடைய வாசிப்பு. அதனால்தான் சந்தையையும் தொழில்நுட்பத்தையும் கொண்டாடுகிற ஒருவர் அங்கே பழமைவாதியாக இருக்க முடிகிறது. 1980இல் வேட்பாளராக ஏற்புரை ஆற்றிய ரொனால்ட் ரீகன், புரட்சிக்காரரான தாமஸ் பெயினை மேற்கோள் காட்டினார்: உலகத்தைப் புதிதாகத் தொடங்கும் வல்லமை நம்மிடம் இருக்கிறது என்ற வரி அது.

‘லிபரல்’ இன்னும் சிக்கல். 1930களில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நலத்திட்டங்கள் வந்த பிறகு, அமெரிக்காவில் அந்தச் சொல் அரசு அதிகம் தலையிட வேண்டும் என்பவர்களைக் குறிக்கலாயிற்று. நாம் அவர்களைத் ‘தாராளவாதிகள்’ என்கிறோம். சரி, ‘தாராளமயமாக்கல்’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? சந்தையைத் திறந்துவிடுவதை. அமெரிக்காவில் அதற்காக உரக்கக் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பழமைவாதிகள்! இந்த இரண்டு சொற்களையும் ஒரே பத்தியில் வைத்துத் தடுமாறிய தமிழ்க் கட்டுரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கதையை 1980இல் தொடங்குவது

ரீகன் 44 மாநிலங்களை வென்ற தேர்தலில் கதை தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், அது வானத்திலிருந்து குதித்த மாதிரித் தெரியும். குறைந்தது 1955க்குப் போக வேண்டும். முப்பது வயதைத் தொடாத வில்லியம் பக்லி அந்த ஆண்டு ‘நேஷனல் ரெவ்யூ’ என்ற இதழைத் தொடங்கினார். வரலாற்றின் குறுக்கே நின்று ‘நில்’ என்று கத்தும் இதழ் என்று அதன் முதல் இதழிலேயே எழுதினார்.

அந்த அலுவலகத்தைச் சுற்றியிருந்தவர்களைக் கவனியுங்கள். ஃபிராங்க் மேயர் முன்னாள் கம்யூனிஸ்ட். ஜேம்ஸ் பர்ன்ஹாம் முன்னாள் டிராட்ஸ்கியவாதி. விட்டேக்கர் சேம்பர்ஸ் சோவியத் உளவாளியாகவே இருந்தவர். மரபையும் மதத்தையும் முன்வைத்தவர்கள் ஒரு பக்கம், சந்தைச் சுதந்திரமே எல்லாம் என்றவர்கள் மறுபக்கம். இவர்கள் இயல்பான நண்பர்கள் கிடையாது. 1957இல், சந்தைச் சுதந்திரத்தைப் போற்றிய எழுத்தாளரும் நாத்திகருமான அயன் ராண்டின் நாவலை அதே இதழில் சேம்பர்ஸ் கிழித்து எழுதினார். ராண்ட் அந்த இதழைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அறம் என்பது கட்டாயத்தால் வருவதில்லை, சுதந்திரமாகத் தேர்ந்தால்தான் அறம் என்று சொல்லி இரு தரப்பையும் இணைக்கப் பார்த்தார் மேயர். அந்த வாதம் எல்லாருக்கும் இனிக்கவில்லை. அவர்களை உண்மையில் ஒட்டவைத்த பசை கம்யூனிச எதிர்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் 1964. அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தார். மாநிலவாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தீர்மானிக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் அவருக்குக் கிடைத்தவை 52. இத்தோடு இந்தக் கூட்டம் ஒழிந்தது என்று அன்றைய பத்திரிகையாளர்கள் பலர் எழுதினார்கள். தோல்வியை முடிவென்று வாசிக்கும் இந்தத் தவறு இன்றும் நடக்கிறது.

அந்தத் தோல்வியிலிருந்து என்ன மிஞ்சியது தெரியுமா? ரிச்சர்ட் விகெரி என்ற இளைஞர், கோல்ட்வாட்டருக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர்கள் பிரதிநிதிகள் சபைச் செயலரிடம் பதிவாகியிருப்பதைக் கண்டுபிடித்தார். ஆட்களை வைத்து அவற்றைக் கையாலேயே எழுதி எடுத்தார். ஏறக்குறைய 12,500 பெயர்கள், முகவரிகள். அந்தப் பட்டியலில் தொடங்கியதுதான் அவருடைய தபால்வழி நிதி திரட்டும் தொழில். தொலைக்காட்சிகளும் பெரிய நாளிதழ்களும் இடம் கொடுக்காத ஓர் இயக்கத்துக்கு, வீட்டுத் தபால்பெட்டியே ஊடகமாயிற்று. இன்னொரு மிச்சம் ரீகன். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு, 1964 அக்டோபர் 27 அன்று, கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் அவர் பேசிய பேச்சு கட்சியைக் காப்பாற்றவில்லை, அவரைத் தலைவராக்கியது. இரண்டே வருடத்தில் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் வென்றார். அதற்கு முன்பு 1962 வரை அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்.

தெற்கு மாறிய கதை

நீண்ட காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென்மாநிலங்கள் பின்னர் குடியரசுக் கட்சிக்கு மாறின. இங்கேதான் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. எல்லாமே இனவெறிதான் என்று ஒரு தரப்பு ஒரே வரியில் முடித்துவிடும். இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று இன்னொரு தரப்பு கையை விரிக்கும். இரண்டாவது தவறை என்னால் கொஞ்சமும் ஏற்க முடியாது.

1964இன் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் வாக்களித்தவர்கள் 27 பேர். அவர்களில் 21 பேர் ஜனநாயகக் கட்சியினர், பெரும்பாலும் தென்மாநிலத்தவர். குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர் சட்டத்தை ஆதரித்தார்கள். இந்தக் கணக்கை மட்டும் காட்டி, இனப் பிரச்சினையில் குடியரசுக் கட்சியின் கை சுத்தம் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் எதிர்த்த அந்த ஆறு பேரில் ஒருவரைத்தான் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. கோல்ட்வாட்டர் 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர். 1964 சட்டம் தனியார் கடைகளிலும் வேலைகளிலும் மத்திய அரசை நுழையவிடுகிறது, அரசியல் சட்டம் அதை அனுமதிக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். தெற்கு வாக்காளர்கள் அந்த ‘இல்லை’யைத் தங்களுக்கு வேண்டிய விதத்தில் கேட்டுக்கொண்டார்கள். மிசிசிப்பியில் கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்கவே முடியாத அந்த நாளில், அங்கே அவருக்குக் கிடைத்தது 87 சதவீதம். அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் மிசிசிப்பி உள்ளிட்ட ஆழ்தெற்கு மாநிலங்கள். பக்லியின் இதழும் 1957இல் தெற்கு வெள்ளையர்களின் ஆதிக்கத்தை வெளிப்படையாக ஆதரித்துத் தலையங்கம் எழுதியிருந்தது. அந்த நிலைப்பாடு தவறு என்று பக்லி ஒப்புக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின.

அன்றைக்கு அந்தக் கட்சியிலேயே இருந்த கறுப்பின அமெரிக்கர்களை நாம் மறந்துவிடுகிறோம். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1960இல் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சனை ஆதரித்தவர். சான் பிரான்சிஸ்கோவில் நடந்த 1964 கட்சி மாநாட்டுக்குப் போனவர், அங்கே கண்டதில் மனம் கசந்து திரும்பினார். அவரைப் போன்றவர்களின் இழப்பை ‘வாக்குவங்கி மாற்றம்’ என்று கணக்கில் மட்டும் எழுதுவது எனக்கு வலிக்கிறது.

முதல் தவறுக்கு வருவோம். ஒரே இரவில் தெற்கு கட்சி மாறியது என்ற படமும் பிழைதான். 1952இலேயே ஐசன்ஹோவர் டெக்சஸ், புளோரிடா, வர்ஜீனியா, டென்னசி ஆகிய நான்கையும் வென்றார்; அது நகரங்களிலும் புறநகர்களிலும் வளர்ந்துவந்த நடுத்தர வர்க்கத்தின் வாக்கு. 1968இல் ஆழ்தெற்கின் பெரும்பகுதி மூன்றாம் வேட்பாளரான ஜார்ஜ் வாலஸிடம் போனது. 1976இல் ஜனநாயகக் கட்சியின் ஜிம்மி கார்ட்டர், உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன பழைய கூட்டமைப்பு மாநிலங்களில் வர்ஜீனியா தவிர அத்தனையையும் வென்றார். பிரதிநிதிகள் சபையின் தெற்குத் தொகுதிகளில் குடியரசுக் கட்சி பெரும்பான்மை பெற்றது 1994இல்தான். முப்பது வருடம் இழுத்த மாற்றத்தில் இனம், மதம், புறநகர், ராணுவத் தொழிற்சாலை எல்லாம் பின்னிக் கிடக்கின்றன.

கருக்கலைப்புத் தீர்ப்பும் போதகர்களும்

1973இல் கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது, சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள், மத வலதுசாரி பிறந்தது. எல்லாரும் சொல்லும் கதை இது. தேதிகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. நாட்டின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபையான தெற்கு பாப்டிஸ்ட் சபை, 1971இல், வன்புணர்வு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. தொடக்கத்தில் இந்த எதிர்ப்பைத் தோளில் சுமந்தவர்கள் கத்தோலிக்கர்கள். அவர்களில் நிறையப் பேர் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்தே ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தவர்கள்.

போதகர்களை அரசியலுக்குள் இழுத்த ஒரு முக்கியச் சண்டை, பள்ளிகளின் வரிவிலக்கு. அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை ஒழிந்தபோது தெற்கில் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள் முளைத்தன. இன அடிப்படையில் விலக்கும் பள்ளிகளுக்கு வரிவிலக்கு இல்லை என்ற கொள்கை நிக்சன் காலத்திலேயே வந்தது. 1978இல் வரித்துறை அதை இறுக்கப் பார்த்தபோது எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. 1979இல் பாப்டிஸ்ட் போதகர் ஜெரி ஃபால்வெல், கிறிஸ்தவ வாக்காளர்களைத் திரட்டும் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார்.

அதற்காக ‘கருக்கலைப்பு ஒரு சாக்கு, உண்மையான காரணம் பள்ளிதான்’ என்று தலைகீழாகச் சொல்வதும் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1970களின் கடைசியில் ஏராளமான சாதாரண விசுவாசிகளின் மனம் அந்தக் கேள்வியில் மெய்யாகவே மாறியது. 1980இல் அதே பாப்டிஸ்ட் சபை, தாயின் உயிரைக் காக்க அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பு கூடாது என்று அரசியல் சட்டத் திருத்தமே கேட்டது. அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர்களில் பெரும்பாலோர், ஞாயிறு வகுப்பில் பைபிள் நடத்திய கார்ட்டரை விட்டு, விவாகரத்தானவரும் கலிபோர்னியாவில் 1967இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தியவருமான ரீகனிடம் போனார்கள்.

பணமுதலைகள் மட்டுமா?

இந்த இயக்கத்தின் பின்னால் பணம் இருந்தது, உண்மை. பீர் அதிபர் ஜோசப் கூர்ஸின் பணத்தோடுதான் 1973இல் ஹெரிடேஜ் அறக்கட்டளை என்ற பழமைவாதக் கொள்கை ஆய்வு அமைப்பு பிறந்தது. ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி கண்ணில் படமாட்டார். இலினாய் மாநிலத்தில் ஆறு பிள்ளைகளின் தாயான அவர், 1972இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெண்களுக்கான சம உரிமைத் திருத்தத்தைத் தடுக்கக் கிளம்பினார். ஒரே வருடத்தில் 30 மாநிலங்கள் ஏற்றுவிட்டன, தேவை 38. அவர் திரட்டிய இல்லத்தரசிகள் வீட்டில் சுட்ட ரொட்டியோடு சட்டமன்ற உறுப்பினர்களைப் போய்ப் பார்த்தார்கள். கணக்கு 35ஐத் தாண்டவில்லை, 1982இல் கெடு முடிந்தது. குடியரசுக் கட்சி 1940இல் தன் தேர்தல் அறிக்கையில் முதன்முதலில் சேர்த்த ஆதரவை 1980இல் கைவிட்டது. அவர் நின்ற பக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவருடைய திறமையைக் குறைத்துப் பேசினால் நமக்குத்தான் கதை புரியாமல் போகும்.

1978 ஜூனில் கலிபோர்னியா வாக்காளர்கள் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டதும் அப்படித்தான். விலைவாசியோடு வீட்டு மதிப்பும் எகிறி, வரி கட்ட முடியாமல் திணறிய ஓய்வூதியக்காரர்களின் கோபம் அதில் நிறைய இருந்தது.

கட்சியும் இயக்கமும்

குடியரசுக் கட்சி ஆட்சி என்றாலே பழமைவாத ஆட்சி என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையை 1970இல் அமைத்ததும், 1971இல் கூலிக்கும் விலைக்கும் கட்டுப்பாடு போட்டதும் நிக்சன். ரீகனே 1981இல் வரியைக் குறைத்து 1982இல் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றினார். 1986இல் அவர் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமில்லாத சுமார் 27 லட்சம் பேர் சட்டப்படி குடியேறியவர்கள் ஆனார்கள்.

டிரம்ப்பைத் திடீர் விபத்து என்பவர்களும் இதையெல்லாம் தவறவிடுகிறார்கள். முன்பு சொன்ன பசை 1991இல் சோவியத் ஒன்றியத்தோடு கரைந்தது. அடுத்த வருடமே பழமைவாதப் பத்தி எழுத்தாளர் பாட் புக்கானன், பதவியிலிருந்த தன் கட்சி அதிபரையே கட்சியின் வேட்பாளர் போட்டியில் எதிர்த்து நின்றார். குடியேற்றத்தைக் குறை, வெளிநாட்டுப் போர் வேண்டாம், சுதந்திர வணிக ஒப்பந்தம் வேண்டாம் என்றார். அன்றைக்குக் கட்சி அவர் பக்கம் இல்லை: 1993இல் வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக விழுந்த 234 வாக்குகளில் 132 குடியரசுக் கட்சியினுடையவை. புக்கானன் தோற்றார். ஆனால் 2018இல் அதே கட்சியின் அதிபர் டிரம்ப் எஃகுக்கு 25 சதவீதம் இறக்குமதி வரி போட்டார்.

நீதிமன்றத்தின் கதையையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1973 தீர்ப்பை எழுதிய ஹாரி பிளாக்மன் நிக்சன் நியமித்த நீதிபதி. நம் கட்சி அதிபர் நியமித்தவரே இப்படி எழுதினால் தேர்தலில் வென்று என்ன பயன் என்ற ஆற்றாமை இயக்கத்துக்குள் வளர்ந்தது. 1982இல் யேல், சிகாகோ சட்டக் கல்லூரிகளின் பழமைவாத மாணவர்கள் சிலர் ‘ஃபெடரலிஸ்ட் சொசைட்டி’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சிகாகோவில் அவர்களுக்கு ஆசிரிய ஆலோசகராக இருந்தவர் ஆன்டனின் ஸ்காலியா. நான்கு வருடத்தில் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2016 தேர்தலில் டிரம்ப் வெளியிட்ட நீதிபதிப் பட்டியலைத் தயாரிக்க உதவியவர்களில் அந்தச் சங்கத்தின் லியோனார்ட் லியோ ஒருவர். டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் இடம்பெற்ற ஐவர் பெரும்பான்மை, 2022 ஜூன் 24 அன்று, ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்தது. மாணவர்கள் சங்கம் தொடங்கி அப்போது நாற்பது வருடம் ஆகியிருந்தது.