முதுகலை ஆய்வேட்டுக்கு ஆற்றுப் படுகையின் எல்லை வரைவது எப்படி? க்யூஜிஐஎஸ் செய்முறை

புவியியல் முதுகலையில் ஆற்றுப் படுகையை ஆய்வேட்டுக்கு எடுத்தவர்கள் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் முதலில் வரைய வேண்டியது அதன் எல்லையை. பரப்பளவு, வடிகால் அடர்த்தி (ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை கி.மீ. ஓடை) எல்லாம் அந்தக் கோட்டை வைத்துத்தான் கணக்காகின்றன. கோடு பிசகினால் பின்னால் வரும் அட்டவணை எதுவும் தேறாது.

1. எஸ்ஆர்டிஎம் 1 ஆர்க்-செகண்ட் உயரத் தரவை இறக்குங்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் அளந்தது; வடக்கே 60°, தெற்கே 56° வரை கிடைக்கும். படுகை இருக்கலாம் என்று நினைக்கும் இடத்தைவிட நாலாபுறமும் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

2. தரவு டிகிரியில் இருக்கும். ‘வார்ப்’ கருவியில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றி, செல் (கட்டம்) அளவு 30 மீட்டர், மறுமாதிரிக்கு (புதிய கட்டங்களுக்கு மதிப்பு கணக்கிடும் முறைக்கு) பைலினியர் என்று கொடுங்கள். அருகிலுள்ள ஒரே செல்லின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் வைத்தால் நிலத்தில் பொய்யான வரிகள் விழும்.

3. க்யூஜிஐஎஸ்ஸுக்குள் இருக்கும் கிராஸ் கருவிகளில், நீர் ஓடும் வழியைக் கணக்கிடும் ஆர்.வாட்டர்ஷெட்டை ஓட்டுங்கள். பள்ளங்களைத் தனியாக நிரப்பத் தேவையில்லை, அதுவே சமாளித்துக்கொள்ளும். டி8 ஒற்றைத் திசையை (ஒவ்வொரு செல்லின் நீரும் சுற்றியுள்ள எட்டில் ஒன்றுக்கே போகும் முறை) தேர்ந்தெடுங்கள். ஓடை வரம்பு, அதாவது எத்தனை செல்களின் நீர் சேர்ந்தால் ஓடை என்று கொள்வது என்பது, 1,000 செல் என்றால் 0.9 சதுர கி.மீ. வரம்பை மாற்றினால் எல்லை மாறாது. ஆனால் ஓடைகளின் நீளமும், அதனால் வடிகால் அடர்த்தியும் மாறும். அதனால் எந்த வரம்பு என்று எழுதாத அடர்த்திக்கு மதிப்பில்லை.

4. இனி முகப்புப் புள்ளி, அதாவது படுகையின் நீர் வெளியேறும் இடம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஆர்.வாட்டர்ஷெட் தரும் நீர்க்குவிப்பு அடுக்கில் (ஒவ்வொரு செல்லுக்கும் எத்தனை செல்களின் நீர் வந்து சேர்கிறது என்பது) செல்கள் சதுரம் சதுரமாகத் தெரியும்வரை பெரிதாக்கி, மதிப்பு அதிகமுள்ள செல்லின் நடுவில் புள்ளி வையுங்கள். ஒரு செல் தள்ளிப் போனாலும், புள்ளியை வைத்துப் படுகையை வரையும் ஆர்.வாட்டர்.அவுட்லெட் கருவி முழுப் படுகைக்குப் பதில் கரையோரத்தில் நாலைந்து செல்லை மட்டும் கொடுக்கும்.

புள்ளியில் குவிப்பு 2,40,000 என்றால், செல்லுக்கு 900 சதுர மீட்டர் வீதம் 216 சதுர கி.மீ. வரும். பலகோணமாக மாற்றியபின் பரப்பளவும் ஏறக்குறைய அதுவே வர வேண்டும். மதிப்பு மைனஸில் இருந்தால், வெட்டிய எல்லைக்கு வெளியிலிருந்தும் நீர் வரக்கூடும் என்று பொருள். முதல் படிக்குத் திரும்பி இன்னும் அகலமாக வெட்டுங்கள்.

சமதளத்திலும் நீர்த்தேக்கத்திலும் ஓடைகள் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல் இணைகோடுகளாக ஓடும். அவற்றைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தி, எங்கெங்கே திருத்தினீர்கள் என்பதை முறையியல் அத்தியாயத்தில் குறித்துவிடுங்கள்.