கால்பந்து ஆடத் தொடங்கும் பிள்ளைக்கு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியில் சேர்த்த கையோடு ஷூ, பந்து, கோல்கீப்பர் கையுறை, தலைப்பட்டை, பெரிய பை என்று அள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது கொஞ்சம்தான்: காலுக்குப் பொருந்துகிற ஷூ, ஷின் கார்டு (கணைக்காலைக் காக்கும் தகடு), முழங்கால் வரை வரும் சாக்ஸ், வயதுக்கேற்ற பந்து, ஒரு தண்ணீர் பாட்டில். டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் வீட்டில் இருப்பதே போதும். அந்தக் கொஞ்சத்திலும் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது ஒரே காரணத்தால்தான். இன்று மைதானத்தில் ஓடப்போகிற பிள்ளையை விட்டுவிட்டு, அடுத்த வருஷம் வளர்ந்து நிற்கப்போகிற பிள்ளைக்கோ, டிவியில் ஆடுகிற வீரருக்கோ வாங்குகிறார்கள்.

"வளர்கிற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுப்போம்"

மற்ற ஷூக்களில் இந்தக் கணக்கு ஓரளவு ஓடும். கால்பந்து ஷூவில் ஓடாது. வேகமாக ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, ஒற்றைக்காலில் நின்று உதைக்கிற ஆட்டம் இது. ஷூவுக்குள் கால் நழுவினால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வரும். விரலுக்கு முன்னால் காலியாக நீட்டிக்கொண்டிருக்கும் நுனி தரையில் இடறும். பந்து காலில் எங்கே படுகிறது என்பதும் பிள்ளைக்குப் பிடிபடாது. "ஒழுங்கா உதை" என்று வெளியிலிருந்து சத்தம் போடுவோம். கோளாறு ஷூவில் இருக்கும்.

அதற்காக இறுக்கமாகவும் எடுக்கக் கூடாது. தோல் ஒட்டியதுபோல் ஷூ இருக்க வேண்டும் என்பது பெரிய வீரர்களில் சிலருடைய விருப்பம். வளரும் காலுக்கு அது நகம் கறுப்பதிலும் குதிகால் வலியிலும்தான் போய் முடியும். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு செ.மீ. இடம் இருந்தால் போதும்.

அந்த ஒரு செ.மீ. இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஷூவை மாட்டிவிட்டு முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். அழுத்துகிற அந்த நொடியில் பிள்ளை விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். இடம் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். "வலிக்குதா?" என்று கேட்டும் பயனில்லை. பிடித்த நிறத்தில் ஷூ கிடைத்துவிட்டால் எந்தப் பிள்ளையும் "சரியா இருக்கு" என்றுதான் சொல்லும். நம்பகமான வழி ஒன்று உண்டு: உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன் மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். குதிகால் பின் விளிம்போடு ஒட்டியிருக்க, முன்னால் எவ்வளவு மீதி என்பது கண்ணுக்கே தெரியும். இன்சோல் கழற்ற வராத ஷூ என்றால், பிள்ளையின் பாதத்தை அட்டையில் வரைந்து வெட்டி எடுத்துப்போய் உள்ளே விட்டுப் பாருங்கள். பாதம் பகலில் சற்று வீங்கும் என்பதால் அளவை மாலையில், ஆடும்போது போடுகிற அதே தடிமனான சாக்ஸோடு எடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய காலுக்கே ஷூ வாங்க வேண்டும்.

அடுத்தது அடிப்பகுதி. பிள்ளை ஆடப்போவது புல்லிலா, செயற்கைப் புல்லிலா, கட்டாந்தரையிலா, உள்ளரங்கிலா என்று பயிற்சியாளரிடம் கேட்காமல் ஷூ வாங்குவது குருட்டாம்போக்கு. பெட்டியில் எஃப்.ஜி. என்று இருந்தால் இயற்கைப் புல் தரைக்கு, ஏ.ஜி. என்றால் செயற்கைப் புல்லுக்கு, டி.எஃப். என்றால் குட்டிக்குட்டி ரப்பர் முனைகள் நெருக்கமாக உள்ள டர்ஃப் ஷூ. உள்ளரங்கு ஷூவுக்குத் தட்டையான அடிப்பகுதி. நீளமான ஸ்டட் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) உள்ள ஷூவோடு கட்டாந்தரையில் ஓடினால் உடம்பின் பாரமெல்லாம் நாலைந்து முனைகளில் இறங்கிப் பாதம் வலிக்கும். செயற்கைப் புல்லிலோ திரும்பும்போது ஸ்டட் மாட்டிக்கொண்டு முழங்காலை முறுக்கும். தொடங்குகிற பிள்ளைக்கு டர்ஃப் ஷூதான் என் தேர்வு. பெரும்பாலான தரைக்கு அது ஒத்துப்போகும். உலோக ஸ்டட் பக்கமே போகாதீர்கள். ஷூவை இரண்டு கையாலும் வளைத்தும் பாருங்கள்: விரல்கள் மடங்குகிற இடத்தில் வளைந்தால் நல்லது, நட்டநடுவில் மடிந்தால் வேண்டாம். லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைக்கு வெல்க்ரோ வாங்குவதில் ஒரு குறைவும் இல்லை.

பழைய ஷூ வாங்கலாமா? தாராளமாக. தேய்வதற்கு முன்பே சின்னதாகிப் போகிற பொருள் இது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, குதிகால் பகுதி நசுங்கியிருந்தாலோ விட்டுவிடுங்கள்.

ஷின் கார்டில் வயதைப் பார்ப்பது

கணைக்கால் எலும்பைக் காக்கும் இந்தத் தகடு ஆட்ட விதிகளின்படியே கட்டாயம். சாக்ஸ் அதை முழுக்க மூடியிருக்கவும் வேண்டும். அளவை வயதை வைத்து எடுக்காதீர்கள், உயரத்தை வைத்து எடுங்கள். பொட்டலத்திலேயே உயர அட்டவணை இருக்கும். கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கி, முழங்காலுக்கு நாலைந்து செ.மீ. கீழே முடிந்தால் அளவு சரி. பெரிதாக இருந்தால் ஓடும்போது மேலே முழங்காலையும் கீழே பாதத்தையும் இடிக்கும். பத்து நிமிஷத்தில் பிள்ளை கழற்றி எறிந்துவிடும். கடையிலேயே மாட்டி, குந்தி எழச் சொல்லுங்கள். எங்கேயும் குத்தவில்லை என்றால் சரி.

முதலில் கார்டு, அதற்கு மேல் சாக்ஸ், கடைசியில் ஷூ. இந்த வரிசை தெரியாமல் சாக்ஸுக்கு மேலே கார்டை மாட்டி அனுப்புவது முதல் வாரத்தில் சகஜம். இடது, வலது என்று குறித்திருந்தால் அதையும் பாருங்கள்.

'நிஜப் பந்து' ஆசை

பெரியவர்கள் ஆடும் பந்து 5ஆம் எண். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஐந்து வயதுப் பிள்ளையின் முன் அதை வைத்தால் ஏறக்குறைய முழங்காலைத் தொடும். உள்பாதத்தால் தட்டினால் வலிக்கிறது, பந்தும் நகர்வதில்லை. அதனால் பிள்ளை நுனிவிரலால் குத்தி உதைக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. எட்டு வயதுக்குள் 3ஆம் எண் பந்து (சுற்றளவு சுமார் 60 செ.மீ.), எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4ஆம் எண் என்பதே பொதுவான வழக்கம். சரியான எண் வாங்கியும் கல் மாதிரி காற்றடித்தால் அந்தப் பலன் போய்விடும். கட்டைவிரலால் அழுத்தினால் இலேசாக உள்ளே போகிற அளவுக்கு அடியுங்கள்.

மற்றவை

கோல்கீப்பர் கையுறையை இப்போதே வாங்க வேண்டாம். இந்த வயதில் எல்லாரும் மாறி மாறித்தான் கோலில் நிற்பார்கள். மெத்தென்ற தலைப்பட்டை மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பியும் வாங்காதீர்கள்; சின்னப் பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டாமல் இருப்பதே உண்மையான பாதுகாப்பு. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015இல் பத்து வயது வரை தலையால் முட்டுவதற்குத் தடை கொண்டுவந்தது. இங்கிலாந்தில் 2020இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் வந்தது.

கண்ணாடி போடும் பிள்ளையை "கழற்றிட்டு ஆடு" என்று அனுப்புவது தப்பு. எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸும் தலையைச் சுற்றி வரும் பட்டையும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி கிடைக்கிறது. விதிகளும் அதை அனுமதிக்கின்றன. ஆனால் கம்மல், செயின், மோதிரம் எதற்கும் அனுமதி இல்லை, மேலே டேப் ஒட்டி மறைத்தாலும் செல்லாது. காது குத்துகிற யோசனை இருந்தால் ஆட்டப் பருவம் முடிந்தபிறகு குத்துங்கள். புதுத் துளையில் கம்மலைக் கழற்றி வைக்க முடியாது.

வீட்டில் பழக கோல் கம்பம் வாங்குவதாக இருந்தால், மடக்கி வைக்கிற இலேசான வலைக் கோல் போதும். கனமான உலோகச் சட்டம் வேண்டாம். கட்டாமல் விட்ட கோல் கம்பத்தில் பிள்ளைகள் தொங்கி, அது கவிழ்ந்து உயிர் போன விபத்துகள் உண்டு. ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால், இன்றே அதைத் தரையோடு பிணைத்துவிடுங்கள். குறைந்தபட்சம் பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளையாவது போட்டு வையுங்கள்.