நட்சத்திரம் ஓட்டிய ஜாகுவார்: வாங்குகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலில் ஒரு காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துப் பேசினால் எளிதாகப் புரியும். பிரான்சில் நடக்கிற லே மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் 1955 முதல் தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்த கார், ஜாகுவார் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டி-டைப். கம்பெனி 1956 கடைசியில் பந்தயத்திலிருந்து விலகியபோது விற்காமல் நின்ற டி-டைப்புகளுக்கு முன் கண்ணாடி, பம்பர், மடக்குக் கூரை, பக்கத்தில் உட்காருகிறவருக்கு ஒரு கதவு எல்லாம் வைத்து, சாலையில் ஓட்டுகிற காராக மாற்றினார்கள். அதுதான் எக்ஸ்கேஎஸ்எஸ். 25 கார் என்று திட்டம். 1957 பிப்ரவரி 12 அன்று கவென்ட்ரி தொழிற்சாலையில் பிடித்த தீயில் ஒன்பது போய்விட்டது, மிஞ்சியது 16. அதில் ஒன்றைத்தான் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வாங்கி, 'பச்சை எலி' என்று செல்லப்பெயர் வைத்து ஓட்டினார். நடுவில் ஒருமுறை விற்றுவிட்டு, மனசு கேட்காமல் திரும்ப வாங்கி, 1980இல் சாகும்வரை வைத்திருந்தார். இப்போது லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் மியூசியத்தில் இருக்கிறது.

இந்த மாதிரி நட்சத்திரம் வைத்திருந்த கார் விற்பனைக்கு வரும்போது பலர் செய்கிற முதல் தவறு, பெயரைக் கேட்டதும் காசை எடுப்பது. 'இது அவர் கார்' என்பதற்கும் 'இதை அவர் ஓட்டினார்' என்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காரின் மேல் சாய்ந்து நிற்கிற ஒரு போட்டோ எதையும் நிரூபிக்காது, படப்பிடிப்புக்கோ விளம்பரத்துக்கோ ஒரு நாள் கடன் வாங்கிய காராகவும் இருக்கலாம். பழைய லாக் புக் (பிரிட்டனில் வண்டியின் பதிவுப் புத்தகம்), விற்பனை ரசீது, இன்சூரன்ஸ் தாள், சர்வீஸ் பில் என்று ஏதாவது ஒன்றில் அந்தப் பெயரும் இந்த சேஸி நம்பரும் ஒரே தாளில் சேர்ந்து வர வேண்டும். நடிகர்கள் பலர் கம்பெனி பெயரில் கார் வாங்குவார்கள், அதனால் பெயர் இல்லை என்றவுடனே பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், அந்தக் கம்பெனி யாருடையது என்று தேடிப் பாருங்கள்.

நம்பர் பிளேட்டை நம்புவது அடுத்தது. பிரிட்டனில் ஒரு காரின் நம்பரை முறைப்படி இன்னொரு காருக்கு மாற்றிக்கொள்ளலாம், புகழ்பெற்ற நம்பர் வேறு காரில் தொங்குவது அங்கே சாதாரணம். சேஸி நம்பர், இன்ஜின் நம்பர், பாடி நம்பர் மூன்றையும் டார்ச் அடித்து நீங்களே படித்துப் பாருங்கள். எழுத்துகளைச் சுற்றி அரம் போட்ட கீறல் தெரிகிறதா, ஒரு எண் மட்டும் சாய்ந்து நிற்கிறதா, சுற்றியுள்ள உலோகம் மட்டும் புதுசாக மின்னுகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கம்பெனியின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கிற ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தருகிற சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அதில் எண்களோடு கார் முதலில் வந்த நிறமும் எந்த டீலருக்குப் போனது என்பதும் இருக்கும். டி-டைப் குடும்பத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் 1955 முதல் வந்தவற்றில் முன்பக்க ஃப்ரேமை நடுப்பகுதியிலிருந்து போல்ட் கழற்றித் தனியாக எடுக்கலாம். பந்தயத்தில் அடிபட்டு, பாகங்கள் ஆளுக்கொரு பக்கம் போய், இரண்டு கார்கள் ஒரே நம்பருக்கு உரிமை கொண்டாடிய வழக்கெல்லாம் உண்டு.

'எக்ஸ்கேஎஸ்எஸ்' என்று சொல்வதெல்லாம் 1957 கார் இல்லை. தீயில் போன அந்த ஒன்பதுக்குப் பதிலாக ஒன்பது புதுக் கார் செய்வதாக ஜாகுவாரே 2016இல் அறிவித்துச் செய்தது. ஜாகுவாரின் பிந்தைய மாடலான ஈ-டைப்பின் பாகங்களை வைத்து மற்றவர்கள் செய்த நகல்களும் இருக்கின்றன. நல்ல கார்கள்தான், ஆனால் அவற்றின் விலை வேறு.

இனி எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் தருகிற தவறு: வாங்கிய கையோடு 'ஒரிஜினலாக' மாற்றுகிறேன் என்று டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு விடுவது. மெக்வீனின் கார் கம்பெனியிலிருந்து வந்தபோது கிரீம் நிறம், உள்ளே சிவப்புத் தோல். அவர்தான் அதைப் பச்சையாக்கி உள்ளே கறுப்புத் தோல் போட வைத்தார். டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸ் மூடியில்லாத வெறும் பள்ளமாக இருந்தது. வேகமாகப் போகும்போது அதிலிருந்து கூலிங் கிளாஸ் பறந்துவிடுகிறது என்று, வான் டச் என்ற கைதேர்ந்த கலைஞரிடம் சொல்லி ஒரு மூடி செய்து மாட்டிக்கொண்டார். சான்றிதழை மட்டும் பார்த்து வேலை செய்கிற ஒருவர் கையில் கார் போயிருந்தால் பச்சையைச் சுரண்டி கிரீம் அடித்திருப்பார், அந்த மூடியையும் 'இது கம்பெனி பாகம் இல்லை' என்று கழற்றி வீசியிருப்பார். அந்தக் காரில் அந்த மனிதர் இருந்தார் என்பதற்கான அடையாளமே அந்த மூடிதான்! துருவை நிறுத்துங்கள், ஆபத்தான பாகத்தை மாற்றுங்கள், சரி. தேய்ந்த ஸ்டீயரிங்கையும் வெடித்த தோலையும் தொடுவதற்கு முன் நூறு போட்டோ எடுங்கள், கழற்றிய எதையும் குப்பையில் போடாதீர்கள்.

வாங்கி மூடி வைப்பதும் தவறுதான். ஓடாத காரில் பிரேக் சீல் காய்ந்துபோகும், பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், எக்ஸ்கேஎஸ்எஸ்ஸில் மூன்று வெபர் கார்புரேட்டர். டயரில் பூ (தரையைப் பிடிக்கிற வரிகள்) தேயாமல் அப்படியே இருக்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள், டயர் எப்போது தயாரானது என்று பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம், அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.