ஷிஃபானில் கத்தரி வைக்கும் முன்

ஷிஃபான் தைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று யாராவது என்னிடம் வந்தால், முதல் நாள் மெஷினைத் தொட விடமாட்டேன். துணியை மேசையில் விரித்து, அதன் கரையை மேசை விளிம்போடு நேராக வைத்து, சுருக்கமில்லாமல் நீவச் சொல்வேன். அவ்வளவுதான். ஒரு பக்கத்தை நேராக்கினால் மறுபக்கம் வளையும், அதைச் சரிசெய்தால் நடுவில் புடைக்கும். ஷிஃபானில் பாதி வேலைக்கு மேல் வெட்டும் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே கோணினால் எப்பேர்ப்பட்ட தையலாலும் மீட்க முடியாது.

ஷிஃபான் என்பது பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அதற்குக் கந்தல் துணி என்று அர்த்தம். இவ்வளவு மெல்லிய துணிக்கு அப்படி ஒரு பெயரா என்று எனக்கு இன்றும் வியப்புதான். நெசவைப் பார்த்தால் மிக எளிமை, பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும். விஷயம் நூலில் இருக்கிறது. மெல்லிய இழையை மிக இறுக்கமாக முறுக்கி, ஒன்று வலமுறுக்கு, அடுத்தது இடமுறுக்கு என்று மாற்றி மாற்றி நெய்கிறார்கள். எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று இழுப்பதால் துணி முழுக்கப் பொடிச் சுருக்கம் விழுகிறது. தடவினால் தெரியும் லேசான சொரசொரப்பும், இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும் தன்மையும் அதனால் வருபவை. இழைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அதனால்தான் அடியில் இருப்பது தெரிகிறது. வெட்டும்போது கோணிக்கொள்வதற்கும் இவை எல்லாம்தான் காரணம்.

முதலில் பட்டு இழையில் மட்டுமே இதை நெய்தார்கள். 1938-இல் நைலான் அறிமுகமான பிறகு அதிலும், அப்புறம் பாலியஸ்டரிலும் வந்தது. உங்கள் கையில் இருப்பது எது என்று சந்தேகமா? ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டி மணிபோல் நின்றால் செயற்கை இழை. அந்த மணி ஆறும்வரை தொடாதீர்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது. பாலியஸ்டர் அதிகச் சூட்டில் பளபளவென்று தழும்பாகிவிடும், அது போகவே போகாது.

ஜார்ஜெட்டை ஷிஃபான் என்று நினைப்பவர்கள் நிறைய. ஜார்ஜெட் டி லா பிளாண்ட் என்ற பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளரின் பெயரில் வந்த துணி அது. ஷிஃபானைவிடக் கொஞ்சம் கனமாக, மினுப்புக் குறைவாக, துள்ளலாக இருக்கும். முதல்முறை தைப்பவர்களுக்கு நான் ஜார்ஜெட்டைத்தான் சொல்வேன், அவ்வளவாக நழுவாது. ஆர்கன்சாவும் மெல்லிய துணிதான், ஆனால் விறைப்பாக நிற்கும். வாயல் என்ற மெல்லிய துணி பெரும்பாலும் பருத்தி, கைக்கு அடங்கும்.

ஷிஃபானுக்கு எது பொருந்தும் என்பதில் நான் பிடிவாதக்காரி. தளர்ந்த கை, ஃப்ரில், சுருக்கு வைத்த பாவாடை, லைனிங்குக்கு மேலே மிதக்கும் மேலடுக்கு, துப்பட்டா இவற்றுக்கு அருமை. உடலோடு ஒட்டித் தைத்தால் இழுவை விழும் இடத்தில் தையலோரமாக இழைகள் விலகிப் பிளக்கும். ஆகவே இழுவையை லைனிங் தாங்கட்டும், ஷிஃபான் தொங்கட்டும். டார்ட் (உடல் வடிவுக்காக உள்ளே மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடித்தால் வெளியே கோடாகத் தெரியும், அந்த இடத்தில் சுருக்கு வைத்துவிடுங்கள். லைனிங் நிறமும் முக்கியம்: தோல் நிறத்தில் வைத்தால் துணி மெல்லியதாகவே தெரியும், ஷிஃபானின் நிறத்திலேயே வைத்தால் அடர்த்தியாகிவிடும்.

இனி வெட்டுவது. தொடக்கத்தில் ஒருமுறை, நேரத்தை மிச்சம் பிடிக்க, நீல ஷிஃபானை இரண்டாக மடித்து வெட்டினேன். மேல் மடிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. அடி மடிப்பு எனக்குத் தெரியாமல் இரண்டு விரல் அளவு நகர்ந்திருந்தது. தைத்து மாட்டிப் பார்த்தால் பாவாடை இடது பக்கமாகத் திருகிக்கொண்டு போனது. அன்றிலிருந்து துணியை மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்துத்தான் வெட்டுகிறேன், முழு பேட்டர்னையும் (வெட்டும் வடிவத்தை) காகிதத்தில் விரித்து வரைந்துகொண்டு. அடியில் மெல்லிய காகிதம், நடுவில் துணி, மேலே பேட்டர்ன். மூன்றையும் சேர்த்துக் குண்டூசி குத்துவேன், அதுவும் தையலுக்கு விடும் ஓரத்தில் மட்டும். காகிதத்தோடு சேர்த்து, கத்தரியின் அடி அலகு மேசையை விட்டு எழாமல், நீள வெட்டாக வெட்ட வேண்டும். துணியைக் கையில் தூக்கவே கூடாது. இன்னும் அடங்காவிட்டால் கஞ்சி ஸ்பிரே அடித்துக் காயவிடுங்கள், துணி காகிதம்போல் நிற்கும், பிறகு அலசினால் போய்விடும். பட்டானால் முதலில் ஒரு துண்டில் அடித்துப் பாருங்கள்.

மெஷினில் புது ஊசி, 60 அல்லது 70 நம்பர். பழைய ஊசி இழையை இழுத்துக் கோடு போட்டுவிடும். மெல்லிய பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. ஆரம்பத்தில் துணி, ஊசி இறங்கும் தகட்டுத் துளைக்குள் போய்ச் சிக்கும். அதற்கு, மேல்நூலையும் அடியிலிருந்து வரும் பாபின் நூலையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் போடுங்கள். அடியில் ஒரு காகிதத் துண்டு வைத்துத் தைத்துக் கிழித்தாலும் சரி.

இணைப்புக்குப் பிரெஞ்சுத் தையல் போடுவேன். பிசிறு வராமல் ஓரத்தைச் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையல் வெளியே தெரிந்து கண்ணை உறுத்தும். 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டு வெட்டியிருந்தால், நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டையும் சேர்த்து 9 மில்லிமீட்டரில் முதல் தையல். ஓரத்தை 3 மில்லிமீட்டராக நறுக்கி, தேய்த்து, உள்பக்கமாகத் திருப்பி 6 மில்லிமீட்டரில் இரண்டாவது தையல். பிசிறு உள்ளே அடங்கிவிடும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

கீழ் ஓரம் அடிக்க அவசரப்படாதீர்கள். கிராஸில், அதாவது இழைக்குக் குறுக்குச் சாய்வாக, வெட்டிய பாவாடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டால் சில இடங்கள் தானாக இறங்கும். அப்புறம் தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டி, விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டரில் ஒரு தையல் ஓட்டுங்கள். அந்தத் தையல் கோட்டிலேயே உள்பக்கம் மடித்து, மடிப்பை ஒட்டி இன்னொரு தையல். மிஞ்சிய துணியைத் தையலை ஒட்டி நறுக்கி, மறுபடி மடித்து மூன்றாவது தையல். துப்பட்டா என்றால் நான் கையால்தான் சுருட்டித் தைக்கிறேன், மாலை முழுக்கப் போகும், ஆனால் ஓரம் விறைக்காது.

துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும். காயப்போடும் இடத்தில் ஆணி, பிரம்பு நுனி எதுவும் இல்லையே என்று ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.