மேலே முறுகல், கீழே உறவு: சிறிய நாடுகள் கைக்கொள்ளும் வழி

யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்றொழிலாளர் சமாசமோ வணிகர் கழகமோ பல்கலைக்கழகத் துறையோ அக்கரைத் தமிழ்நாட்டோடு தொடர்பு வைக்கப் புறப்பட்டால், வழமையாக முதலில் நடப்பது விழா. மண்டபம், மாலை, குழுப்படம், தொப்புள்கொடி உறவு பற்றிய உரைகள். அடுத்த மாதம் ஒரு படகு பிடிபட்டதும் தொலைபேசியை எடுக்க இருபக்கமும் ஆளிருக்காது. அயலாரோடு அரசியல் முறுகலில் இருக்கும் சிறிய நாடுகளுக்கும் இதே அனுபவம் நிறைய உண்டு. அவற்றில் தாக்குப்பிடித்த தொடர்புகள் எப்படிக் கட்டப்பட்டன என்று பார்த்தால், இங்குள்ள அமைப்புகள் எடுத்தாளக்கூடிய ஒரு வேலைமுறை கிடைக்கிறது.

எதில் தொடங்குவது

முதல் விடயம் சிறியதாக இருக்கட்டும். ஆனால் எந்தத் தரப்பாலும் தனியே முடிக்க முடியாததாகவும் இருக்கவேண்டும். சைப்பிரஸின் தலைநகர் நிக்கோசியா 1974 இல் முழுதாக இரண்டாகப் பிளந்தது: தெற்கில் கிரேக்க சைப்பிரஸார், வடக்கில் துருக்கிய சைப்பிரஸார். கழிவுநீர் எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. சுத்திகரிப்பு நிலையம் அமைந்ததோ வடக்கில். 1978 இல் தெற்கின் நகர முதல்வர் லெலோஸ் டிமிட்ரியாடிஸும் வடக்கின் நகர முதல்வர் முஸ்தபா அக்கிஞ்சியும் அந்த ஒரு திட்டத்தைச் சேர்ந்து செய்ய உடன்பட்டார்கள். அதன் மேல்தான் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உதவியோடு இருபகுதிக்குமான நகரத் திட்டம் எழுந்தது. சைப்பிரஸ் பிரச்சினை இன்னும் தீரவில்லை. குழாய் வேலை செய்கிறது.

விடயத்தைத் தெரிவுசெய்யும்போது மூன்று கேள்விகள் போதும். நடந்ததா இல்லையா என்று எண்ணிக்கையால் காட்டலாமா? நடக்காவிட்டால் இரு பக்கத்துக்கும் நட்டமா? எந்தப் பாராளுமன்றமும் கைதூக்காமல் செய்யலாமா? மூன்றாவதைத்தான் பலர் கேட்பதில்லை. ஆர்மீனியாவும் துருக்கியும் 2009 ஒக்டோபரில் சூரிச்சில் ஒப்பமிட்ட நெறிமுறைகள் எல்லை திறப்பு, தூதரக உறவு என்று எல்லாவற்றையும் தொட்டன. ஆர்மீனியாவும் அஸர்பைஜானும் மோதிக்கொண்ட கரபாக் நிலப்பகுதியின் சிக்கல் அவற்றோடு பிணைக்கப்பட்டது. இரு பாராளுமன்றங்களும் ஏற்பளிக்கவில்லை. 2023 பெப்ரவரி நிலநடுக்கத்தின்போதோ, மூன்று தசாப்தங்களாக மூடிக்கிடந்த மார்கரா பாலத்தால் ஆர்மீனிய நிவாரண லொறிகள் துருக்கிக்குள் போயின. அதற்கு எந்த நெறிமுறையும் வேண்டியிருக்கவில்லை.

பாக்கு நீரிணையில் இந்தக் கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்கக்கூடியவை: இயந்திரம் பழுதாகி ஒதுங்கிய படகு, காணாமற்போன தொழிலாளர் பற்றிய தகவல் பரிமாற்றம், பழைய ஏடுகளையும் பத்திரிகைகளையும் மின்பிரதி எடுத்துப் பகிர்தல், பயிர்நோய் பற்றிய முன்னறிவிப்பு. இழுவைமடியையும் (தமிழ்நாட்டு றோலர்கள் கடலடியை வாரி இழுக்கும் வலை) கச்சதீவையும் இந்த மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அவை சிறியவை என்பதால் இல்லை. இரவோடிரவாக வலை அறுபட்டுப்போன குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய விடயம் இல்லை. அந்த இழப்புக்கு நியாயம் கேட்டே ஆகவேண்டும். ஆனால் இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்த இழுவைமடியை நிறுத்துவது அரசுகளின் கடமை. அந்தக் கோரிக்கையை வேறு ஆட்கள், வேறு கோப்பில், விடாமல் கொண்டுபோகட்டும்.

பெயர், தலைப்புத்தாள், கையொப்பம்

பெரும்பாலான முயற்சிகள் முறிவது உள்ளடக்கத்தில் அல்ல, மேற்தாளில். லித்துவேனியா 2021 நவம்பரில் தன் தலைநகர் வில்னியஸில் தாய்வான் ஓர் அலுவலகம் திறக்க அனுமதித்தது. மற்ற இடங்களில் வழங்கும் 'தாய்ப்பே' என்ற பெயருக்குப் பதில் பலகையில் 'தாய்வான்' வந்தது. தாய்வானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனா, லித்துவேனியாவுடனான தூதரக உறவின் தரத்தைக் குறைத்தது. கொசோவோவைத் தனி நாடாகச் சேர்பியா ஏற்கவில்லை. இரண்டும் பிராந்தியக் கூட்டங்களில் ஒன்றாக உட்கார 2012 இல் கண்ட வழி, பெயர்ப்பலகையில் ஒரு நட்சத்திரக்குறி. அதன் அடிக்குறிப்பு, இந்தப் பெயரால் எவரது நிலைப்பாட்டுக்கும் பாதகம் இல்லை என்று சொல்கிறது. லெபனானும் இஸ்ரேலும் 2022 கடல் எல்லை உடன்பாட்டில் ஒரே தாளில் ஒப்பமிடவே இல்லை. தனித்தனிக் கடிதங்கள் அமெரிக்க நடுவரிடம் போயின.

எங்களுக்கு மிகவும் கிட்டிய பாடம் சைப்பிரஸ் வணிகத்தில் இருக்கிறது. வடக்கின் அரசை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிக்கவில்லை. ஆகவே அதன் சுங்க முத்திரை செல்லாது. 2004 ஒழுங்குவிதியின்படி வடக்கில் விளைந்த பொருளுக்கு உரிய ஆவணத்தைத் துருக்கிய சைப்பிரஸ் வணிகர் சம்மேளனம் வழங்குகிறது. முத்திரை அரசினுடையது அல்ல என்பதால் பொருள் கடக்கிறது, அங்கீகாரம் பற்றிய வழக்கும் அப்படியே இருக்கிறது.

இதை இங்கு செய்யும் விதம்: ஆவணத்துக்கு 'ஒப்பந்தம்' என்று பெயர் வைக்காதீர்கள். 13ஆவது திருத்தத்தின் கீழ் வெளிவிவகாரம் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம். மாகாண சபைக்கே இல்லாத அதிகாரத்தை ஒரு சங்கம் எடுத்ததுபோல் தோன்றக்கூடாது. 'கூட்டக் குறிப்பு' போதும். கொடி, வரைபடம் இரண்டும் வேண்டாம். கடல் எல்லைக்கோடு இல்லாத வரைபடமும் ஒரு நிலைப்பாடாகவே வாசிக்கப்படும். இரண்டு மூலப்பிரதி எடுங்கள். ஒவ்வொரு தரப்பும் தன்னிடம் இருக்கும் பிரதியில் தன் பெயரை முதலில் போடட்டும். பதவிப்பெயர் சங்கத்தின் பதவியாக மட்டும் இருக்கட்டும். முதற்பக்கத்திலேயே இந்த வாசகம் வரவேண்டும்:

"இக்குறிப்பில் உள்ள எதுவும் கடல் எல்லை, உரிமைகோரல் அல்லது சட்ட நிலைப்பாடு தொடர்பில் எத்தரப்பும் எதையும் ஏற்றதாகவோ கைவிட்டதாகவோ கொள்ளப்படலாகாது."

பிறகு சிங்கள, ஆங்கில மொழிபெயர்ப்போடு மாவட்டச் செயலகத்துக்கும் வெளிவிவகார அமைச்சுக்கும் பிரதி அனுப்புங்கள். அக்கரையினர் தங்கள் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பட்டும். யாழ்ப்பாணமும் தமிழ்நாடும் பேசுகின்றன என்றாலே இலங்கையின் தெற்கில் ஐயம் எழும். கேட்கும் முன்பே கொடுத்த பிரதிதான் அதற்கு மருந்து.

நாள் குறித்தல்

கூட்டத்துக்குத் தேவை வந்தபின் நாள் தேடினால் கூட்டம் நடக்காது. இந்திய, இலங்கை அரசுகள் 2016 நவம்பரில் கடற்றொழிலுக்குக் கூட்டுப் பணிக்குழு அமைத்தபோது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாகச் சொன்னார்கள். ஆறாவது கூட்டம் நடந்தது 2024 ஒக்டோபரில். சங்கமட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு கூட்டம் என்று சொல்லி, அந்த இரண்டையும் நடத்துங்கள். ஒன்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தமிழ்நாட்டு மீன்பிடித் தடைக்காலத்தில் வரட்டும்: றோலர்கள் கரையில் நிற்கும், அவர்களின் பிரதிநிதிகள் ஊரில் இருப்பார்கள், எங்கள் பக்கத்தில் வலை அறுபட்ட கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கடலால் போய்வருவதானால் காற்றைப் பாருங்கள். நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் தொடங்கி ஒரு வாரத்துக்குள் வானிலையால் நின்றது. மீண்டும் ஓடியது 2024 ஓகஸ்டில். ஐப்பசியில் தொடக்கவிழா வைத்தால் அடுத்து வருவது வாடைதான். நேரில் போக முடியாத கூட்டத்தைத் தள்ளிப்போடாமல் அதே நாளில் காணொளியில் நடத்துங்கள்.

பிடிபட்ட நாளில்

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இந்திய யாத்திரிகர் கடவுச்சீட்டு, விசா இல்லாமல் வரலாம் என்பது 1974 உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரையிலேயே இருக்கிறது. அவ்வளவு உறுதியான ஏற்பாடும் 2024 இல் இந்தியப் பக்கத்தில் ஆளில்லாமல் போனது. மீனவர்களுக்கு விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை எதிர்த்து இராமேஸ்வரத்தார் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். சட்டம் வழியைத் திறந்து வைத்திருந்தது. கோபம் அதை அடைத்தது. எனவே கைது நடக்கும் என்று முன்கூட்டியே எண்ணி எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு பக்கமும் இருவர், முதலாள் ஒருவர், அவர் இல்லாதபோது மற்றவர். கைதோ விபத்தோ கேள்விப்பட்டதும் மாலைக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது அழைப்பாகாது. கேட்க வேண்டியவை: ஆட்கள் உயிரோடு, காயமில்லாமல் இருக்கிறார்களா, எங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள், குடும்பத்துக்குச் சொல்லியாயிற்றா. யார் எல்லை தாண்டினார் என்ற விவாதம் அந்த அழைப்பில் வேண்டாம். முதல் இரண்டு நாள் இரு தரப்பும் ஊடகத்துக்கு மற்றத் தரப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் குறிப்பில் சேருங்கள். நடக்கவிருந்த கூட்டம் நிற்காது என்பதையும் தனி வரியாக எழுதுங்கள். எழுதாவிட்டால் முதலில் நிற்பது அதுதான்.

பழைய கசப்பு பெரிதாக இருந்தால் அதற்குத் தனிக் குழு அமையுங்கள். லீக்டன்ஸ்டைனும் செக் குடியரசும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பறிமுதலான சொத்து வழக்கைத் தீர்க்காமலே 2009 இல் தூதரக உறவு தொடங்கின. வரலாற்றாய்வாளர் குழுவொன்றை அமைத்துப் பழைய கணக்கை அதனிடம் கொடுத்தார்கள். வலை இழப்புக்கும் இப்படிச் செய்யலாம்: திகதி, இடம், வலையின் வகை, நீளம், பெறுமதி, பொலிஸ் முறைப்பாட்டு எண் என்று ஒரே படிவத்தில் பதிந்து, இரு பக்கமும் ஒப்பிட்டுச் சரிபார்த்த பட்டியல். இழப்பீடு கேட்கும் நாள் வரும்போது அந்தப் பட்டியலை மறுப்பது கடினம்.

செயலாளர் மாறும்போது கோப்பு வீட்டோடு போய்விடும். இது எங்கள் சங்கங்களின் தீராத நோய். தொடர்பு இலக்கங்கள், இரண்டு மூலப்பிரதிகளின் மின்படம், கூட்டக் குறிப்புகள், இழப்புப் பட்டியல் ஆகிய நான்கும் சங்கத்தின் பெயரிலுள்ள மின்னஞ்சல் கணக்கில் இருக்கட்டும். பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் பொறுப்பேற்ற அன்றே, பழைய செயலாளர் பக்கத்தில் இருக்க, புதியவர் அக்கரை இலக்கத்துக்கு அழைத்துத் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும்.