பைபர் படகில் அடி: வெளிப்பூச்சை நம்பாதீர்கள்

இரும்பில் அடி விழுந்தால் பள்ளம் விழும். அதன் ஆழத்தை வைத்தே சேதத்தை ஓரளவு சொல்லிவிடலாம். பைபர் படகையும் அதே கண்ணோடு பார்ப்பதில்தான் வம்பு தொடங்குகிறது. அது கண்ணாடி இழை அடுக்குகளை ரெசின் என்ற பிசினால் ஒட்டிச் செய்தது. கண்ணாடி இழைக்கு நசுங்கத் தெரியாது. வளைந்து, பழையபடி நிமிர்ந்துவிடும். வாங்கிய அடி உள்ளே ரெசினில் விரிசலாகவும், அடுக்குகளுக்கு நடுவே பிரிவாகவும் தங்கிவிடும். வெளியே ஜெல்கோட் என்ற மேல்பூச்சில் நட்சத்திரம் போல மயிரிழைக் கீறல், அவ்வளவுதான்.

அடிபட்ட பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். சேதம் உள்ளே போகப் போக அகலமாகும். படகுக்குள் இறங்கி அதே இடத்தைப் பாருங்கள்; பெயின்ட் இல்லாவிட்டால் பால் சிந்தியது போல வெள்ளைத் திட்டு தெரியும். அடுக்குகள் பிரிந்த இடைவெளியில் வெளிச்சம் சிதறுவதால் வரும் வெளுப்பு அது. கார்பன் பைபர் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கிடையாது, கறுப்பு எதையும் காட்டிக்கொடுக்காது.

பெயின்ட் இருந்தால் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கணீரிடும், பிரிந்த இடம் ‘தொப்’பென்று அமுங்கும். உள்ளே கட்டை வைத்த இடத்திலும் சத்தம் மாறும், அதனால் எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தையும் தட்டி ஒப்பிடுங்கள். சத்தம் மாறும் எல்லையில் சாக்பீஸால் கோடு போட்டால், கீறலைவிடப் பெரிய வட்டம் வருவது சகஜம்.

‘இழுத்துப் பார்த்தேன், தாங்குது’ என்பதும் ஏமாற்றுதான். பிரிந்த அடுக்குகள் இழுவையை ஓரளவு தாங்கும். அமுக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மடங்கும். இழுவையில் பலமான பொருள் அடியிலும் அப்படியே இருக்கும் என்பதற்கில்லை. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 விமான எஞ்சினுக்குச் செய்த கார்பன் பைபர் விசிறித் தகடுகள் 1970-ல் பறவை மோதல் சோதனையில் தோற்றுப்போய், டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

அப்புறம் புட்டி. அதில் தொடர்ச்சியான இழை இல்லை, அது வெறும் ஒப்பனை. பிரிந்த பகுதி முழுவதையும் கிரைண்டர் போட்டு எடுத்து, விளிம்பைத் தடிமனைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வைத்து ரெசின் பூச வேண்டும். அதற்கு முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி முழுசாகக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட மேட் சீக்கிரமே உரிந்து வரும்.